எலாடியோ நிற்கும் இடம்

ரொட்டிக்கடை வரிசையில் எலாடியோ நேராக நிற்பதில்லை. ஒரு தோளை முன்னால் நீட்டி, பக்கவாட்டில் திரும்பி, முன்னால் நிற்பவரின் முதுகை உரசினாற்போல் நிற்கிறான். ஒரு கண் கல்லாவில், இன்னொரு கண் வாசலில். யாராவது பையில் எதையோ தேட அரை அடி ஒதுங்கினால் போதும், அந்தச் சந்தில் அவன் நுழைந்திருப்பான். நுழைந்த பிறகுதான் அது அவனுக்கே தெரியும். "ஐயோ, மன்னிச்சுக்குங்க, பழக்கதோஷம்" என்று முகம் சிவந்து பழைய இடத்துக்குத் திரும்புவான்.

"பரவால்ல, நில்லு. இங்கயாவது முந்திக்கோ" என்பார்கள் வால்தெகாரா ஊர்ப் பெண்கள்.

அந்தக் குத்தல் அவனுக்குப் புரியும். ஊர்க் கால்பந்து கிளப்பின் முன்கள ஆட்டக்காரன் அவன். வயது முப்பத்தாறு. குளிர்காலம் முழுக்க ஒரு கோல்கூடப் போடவில்லை.

தன் தொழிலைப் பற்றிக் கேட்டால் எலாடியோவிடம் ஒரே விளக்கம்தான் உண்டு. "பந்து வரும். அது வர்றப்போ நாம அங்க இருக்கணும். அதுக்கு மேல என்ன இருக்கு?" ஓட்டத்தில் அவன் வேகமானவன் அல்ல. தலையால் முட்டுவதும் சுமார்தான். ஆனால் எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒரு மூச்சு அசந்தால் அவன் பக்கத்தில் எலாடியோ இருப்பான். காலை மிதித்துவிட்டால் உடனே மன்னிப்புக் கேட்பான். நடு ஆட்டத்தில் "வீட்ல பிள்ளைங்க சௌக்கியமா?" என்றும் கேட்பான். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறான் என்பதை எந்தத் தடுப்பாட்டக்காரனும் நம்புவதில்லை.

ஆலிவ் மரங்கள் சூழ்ந்த இந்த மேட்டு ஊரிலிருந்து மீசை முளைக்கும் முன்பே செவில் நகரப் பெரிய கிளப்பின் விடுதிக்குப் போனவன். முதல் டிவிஷனில் ஒரே ஒரு பருவம், அதிலும் பெரும்பகுதி முழங்காலில் கம்பளி போர்த்திக்கொண்டு மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில். பிறகு வடக்கே மழை ஓயாத ஓர் ஊரில் இரண்டாம் டிவிஷன். பிறகு சைப்ரஸ், போலந்து, கடைசியில் வெளியூர் ஆட்டத்துக்கெல்லாம் கப்பலில் போக வேண்டிய ஒரு கிரேக்கத் தீவு. ஒவ்வொரு நாட்டு மொழியிலும் மூன்று சொற்கள் கற்றுக்கொண்டான்: 'என்னுது', 'விடு', 'சூப்'.

போட்ட கோல்கள் அவனுக்கு நினைவில்லை. தவறவிட்டவை எல்லாம் நினைவிருக்கின்றன. போலந்தில் ஆளில்லாத கோல்வாசலுக்கு முன்னால் பந்து பனியில் புதைந்து நின்றுபோன கதையைச் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியை நகர்த்திக் காட்டுவான். கதை பாதியில் இருக்கும்போதே மனைவி ரெமெ அந்தக் குப்பியைப் பிடுங்கித் தக்காளியில் உப்புத் தூவிக்கொள்வாள்.

ரெமெ முடி திருத்துபவள். அவன் பின்னால் போன ஊர்களிலெல்லாம் வாடகை வீட்டுச் சமையலறையில் மற்ற ஆட்டக்காரர்களின் மனைவிகளுக்கு முடி வெட்டினாள். மகள் சோலே ஒரு பள்ளியில் சிநேகிதி பிடிப்பாள். அடுத்த வருடம் வேறு பள்ளியில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். சென்ற ஆண்டுதான் வால்தெகாராவுக்குத் திரும்பினார்கள். ஊர் பேண்டு வாத்தியம் வைத்து வரவேற்றது. தேவாலயச் சதுக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு ரெமெ தனக்கென்று ஒரு கடை திறந்தாள். சோலே ஒரே சிநேகிதியின் பிறந்தநாளுக்கு இரண்டாம் முறையாகப் போனாள்.

அப்புறம்தான் முட்டி மக்கர் பண்ணியது, கோல்கள் வற்றின. கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் விளிம்புக்கு வந்தது. "தாத்தாவுக்குப் பந்தைத் தபால்லதான் அனுப்பணும்!" என்று கேலரியிலிருந்து கத்தினார்கள். ஏப்ரலில் அவன் ஒரு பெனால்டியை வானத்துக்கு உதைத்தான். மறுநாள் காலை ரெமெயின் கடை ஷட்டரில் கிளப் நிற ரிப்பன் சுற்றிய கைத்தடி ஒன்று தொங்கியது.

ரெமெ அதைக் கழற்றிக் குடைக்கூடையில் சொருகிவிட்டுக் கடையைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில், தலை நிறையச் சாயமும் வெள்ளிக் காகிதமுமாக உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் வீர்த்தூதெஸ் அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வேண்டாம்னா எனக்குக் குடுத்துடு மகளே. நல்ல மரம். என் வீட்டுக்காரருக்கு ஆகும்."

ரெமெ சிரித்தாள். சிரித்து முடித்ததும் பின்னறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

கைத்தடி அவளுக்குப் பெரிய விஷயமில்லை. மால்டாவிலிருந்து வந்த அழைப்புதான் உறுத்தியது. அங்கே ஒரு கிளப்புக்கு அனுபவசாலி ஃபார்வர்டு வேண்டும், ஒரு வருட ஒப்பந்தம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம் முடியட்டும்" என்றான் எலாடியோ. "ஜெயிச்சா நம்ம கிளப் தப்பிச்சுது, நானும் நிம்மதியா ஆடுறதை நிறுத்திடுவேன். தோத்தா எப்படி ரெமெ? ஊரைக் கவுத்தவன்னு பேரு வாங்கிட்டு இதே தெருவுல தினமும் ரொட்டி வாங்கப் போக முடியுமா? எங்கயாச்சும் போய் நாலு கோல் போட்டுட்டு, தலை நிமிர்ந்து வந்து நிறுத்துறேன்."

தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே "சரி" என்றாள் ரெமெ. சைப்ரஸுக்கும் அப்படித்தான் சொன்னாள், போலந்துக்கும் அப்படித்தான். இந்த முறை, கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள். அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

ரெமெ ஆட்டம் பார்க்க மாட்டாள். மைதானத்து மதிலை வெளியே சுற்றிச் சுற்றி நடப்பாள். உள்ளே நடப்பதைச் சத்தமே சொல்லிவிடும். நீளமாக இறங்கும் 'ஊ' என்றால் பந்து கம்பத்துக்கு வெளியே. சீழ்க்கை என்றால் நடுவர் மீது கோபம். எதுவுமே கேட்காவிட்டால் எதிரணி கோல் போட்டுவிட்டது.

அந்த ஞாயிறு மாலை, பாதி ஆட்டம் முடிந்தும் யாரும் கோல் போடவில்லை. சமன் போதாது, வென்றாக வேண்டும். எலாடியோ பெஞ்சில் இருந்தான். வாயிற்காப்பாளர் அபுந்தியோ நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தார். உள்ளே கொஞ்சம் கைதட்டலும் நிறையச் சீழ்க்கையும் எழுந்தன.

"உன் ஆளை இறக்கிட்டாங்க" என்றார்.

"தெரியுது" என்றபடி ரெமெ நடையை எட்டிப் போட்டாள்.

மதிலின் பின்புறத்துக்கு அவள் போயிருந்தபோது, இத்தனை வருடங்களில் எந்த நாட்டு மைதானத்திலும் கேட்டிராத சத்தம் ஒன்று வந்தது. சிரிப்பு. மைதானம் முழுவதும் சேர்ந்து சிரித்தது. விழுந்துவிட்டான், எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று வாசலை நோக்கி ஓடினாள். பாதி வழியில் அந்தச் சிரிப்பு பெரிய முழக்கமாக மாறியது. அபுந்தியோ நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலில் குதித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வா மகளே! உன் புருஷன் குண்டியால கோல் போட்டுட்டான்!"

நடந்தது இதுதான். எதிரணி கோல்கீப்பரிடம் பந்து திரும்பிப் போனது. அவர் நிதானமாக அதைத் தூர உதைக்கத் தயாரானார். மற்றவர்கள் எல்லோரும் விட்டுவிட்டார்கள். எலாடியோ மட்டும் நொண்டிக்கொண்டே அவரை நோக்கி ஓடினான். கீப்பர் ஓங்கி உதைத்தார். முகத்தில் படுமோ என்று எலாடியோ சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பினான். பந்து அவன் பின்பக்கத்தில் மோதி மேலே எழும்பி, இரண்டு முறை துள்ளி, அவசரமே இல்லாமல் கோல் கோட்டைத் தாண்டியது.

ரெமெ உள்ளே நுழைந்தபோது அவன் புல்லில் உட்கார்ந்து, வலித்த இடத்தைத் தேய்த்தபடி, எதிர்த்திசையில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

"எங்க போச்சு?" என்று எதிரணித் தடுப்பாட்டக்காரனைக் கேட்டான்.

"உள்ள போச்சுடா, பாவி."

எலாடியோ எழுந்து முதலில் கோல்கீப்பரிடம்தான் போனான். "மன்னிச்சுக்கோப்பா, நான் பார்க்கவே இல்ல." அதற்குள் சகாக்கள் அவன் மேல் குவிந்துவிட்டார்கள்.

மிச்ச ஆட்டத்தை ரெமெ நின்று பார்த்தாள். கடைசி விசில் ஊதியது, கிளப் தப்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அபுந்தியோ என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த விதைகளை அவளிடம் நீட்டினார்.

வீடு போய்ச்சேர நெடுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு மதுக்கடை வாசலிலும் நிறுத்தினார்கள்.

"எலாடியோ, உட்கார முடியுதா?"

"முடியல. நின்னுக்கிட்டே ஒரு பீர் குடு."

"நகரசபையில சொல்லி உனக்குச் சிலை வைக்கணும்யா!"

"எந்தப் பக்கத்தை வைப்பீங்க?" என்று கேட்டாள் ரெமெ. தெருவே சிரித்தது. தடியைத் தொங்கவிட்டவனும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பான். எலாடியோ எல்லோருடைய கையையும் குலுக்கினான்.

கோடை நெருங்கிவிட்டதால் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. சோலே சாப்பிட்டு முடித்தாள். மால்டாவைப் பற்றி ரெமெ கேட்கவில்லை, அவனும் பேசவில்லை. தட்டுகளை அலசும்போது படுக்கையறையிலிருந்து எதையோ இழுக்கும் ஓசை கேட்டது. பிறகு வாசற்கதவு.

ரெமெ கையைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். கீழே தெருமுனையில், காகிதக் குப்பைக்கான நீலத் தொட்டியின் முன் எலாடியோ நின்றிருந்தான். காலடியில் அட்டைப்பெட்டிகளின் கட்டு. ஊர் மாறும்போதெல்லாம் சாமான் கட்டிய பெட்டிகள். மறுபடியும் தேவைப்படும் என்று அவள் மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தவை. 'சமையலறை', 'சோலே பொம்மைகள்' என்று அவள் கையெழுத்து இங்கிருந்தே தெரிந்தது.

ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். கடைசிப் பெட்டி பெரியது, தொட்டியின் வாய்க்குள் நுழையவில்லை. அதைத் தரையில் போட்டான். வலிக்காத காலால் மிதித்து, இரண்டாகக் கிழித்து, பாதி பாதியாகத் திணித்தான்.