அப்பா துப்பாக்கிக்குக் குறி பொருத்திய தை மாதம்

கற்பூரப் புகை இரும்பில் படியும்போது எழும் வாசனை பூசைத் தட்டில் எழும் வாசனை அல்ல. எண்ணெயும் துருவும் கலந்து, தொண்டைக்குள் வெகுநேரம் நின்றுகொண்டிருக்கும். பர்மாவில், நகரத்துக்கு வெளியே கியாக்தானில் வயல் வைத்திருந்த பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், தன் வீட்டுக் களத்தில் ஒரு பழைய பாயை விரித்துப் போடுவார். அறுவடை முடிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் தாள் மட்டும் காய்ந்து நிற்கும் அந்தத் தை மாத நாள்களில், அப்பா அந்தப் பாயில் உட்கார்ந்து, குழல் காலியாக இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துவிட்டு, ஒரு துண்டுக் கற்பூரத்தைக் கொளுத்தித் துப்பாக்கியின் நுனியில் குறிபார்ப்பதற்காக நிற்கும் முன்குறியை அந்தச் சுடருக்கு மேலே காட்டிக் கரியேற்றுவார். வெயில் பட்டு அது மினுங்கினால் கண் ஏமாந்துபோகும், குண்டு ஒதுங்கிப்போகும் என்பார். அம்மா எனக்கு மை கூட்டுவதும் கற்பூரக் கரியில்தான் என்பதால், அப்பா துப்பாக்கிக்கு மையிடுகிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது மாமாவின் தாத்தா காலத்துத் துப்பாக்கி. கரிமருந்தைக் குழலின் வாய் வழியாகக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். காட்டுப் பன்றியையும் கிளிக் கூட்டத்தையும் விரட்டுவதற்கென்று உரிமம் வாங்கி வைத்திருந்தார்கள். குழலுக்குள்ளே சுருள் சுருளாக வரி வெட்டியிருந்ததால் குண்டு வெகுதூரம் நேராகப் போகும். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடி, நாலைந்து வயல்களுக்கு அப்பால் சுண்ணாம்படித்த ஓர் எண்ணெய்த் தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஆளுக்குச் சில குண்டுகள் சுடுவார்கள். ஜெயித்தவருக்கு ஒரு சேவல். சுட்டதும் வெள்ளைப் புகை எல்லாவற்றையும் மறைத்துவிடும்; தகரத்தில் பட்டதா என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு கணம் களத்தில் இருக்கும் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்பாவுக்கு வயல் கிடையாது. நகரத்துக்குள், தாகேதாவில், படகு இயந்திரங்கள் பழுதுபார்க்கும் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தார். துப்பாக்கிக்குக் குறி செய்வதும் பொருத்துவதும் அவர் பொறுப்பு. துப்பாக்கி நகரத்துக்குள் வராது. கழற்றிய குறிகள் மட்டும் ஒரு வெற்றிலைப் பெட்டியில் வீட்டுக்கு வரும். முன்குறியை நாங்கள் "மூக்கு" என்போம். பின்னால் பிளவாக நிற்பது "கவை". கவையின் நடுவே மூக்கை நிறுத்தி, மூக்கின் உச்சியில் தகரத்தை உட்கார வைக்க வேண்டும். மூக்கைத் தேய்த்தால் குண்டு மேலே போகும், கவையை வலப்பக்கம் தட்டினால் குண்டும் வலப்பக்கம் போகும் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு மறுநாள்வரை யோசிப்பார்.

எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது வந்த தை மாதத்தில் அப்பாவுக்குக் குறி சரியாக அமையவில்லை. "கவை மங்குது" என்றார். மெல்லிய மூக்கு ஒன்று செய்தார், அது கண்ணுக்குக் கரைந்துபோகிறது என்றார். தடித்த மூக்கு செய்தார், அது தகரத்தையே மறைத்தது. பிறகு பித்தளையில் மணி போல ஒன்று கடைந்தார். ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கியாக்தானுக்குப் பஸ் ஏறினோம். எதை மாற்றினாலும் குண்டு வரப்பில் மண்ணைக் கிளப்பியது.

"மாப்பிள்ள, தகரத்துக்கு வலிக்குமேன்னு பாக்குறியா?" என்று மாமா சிரித்தார்.

"சிரிங்க மச்சான், சேவலுக்கு மசாலா அரைக்கச் சொல்லிட்டுச் சிரிங்க" என்றார் அப்பா.

அந்த நாள்களில்தான் அவர் வீட்டுக்குள் இடித்துக்கொள்ளத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பையைத் தட்டிவிடுவார், கதவோரத்து முக்காலியில் மோதுவார். இது அப்போதே நடந்ததா, அல்லது பின்னால் தெரிந்துகொண்டதை நான் முன்னால் கொண்டுபோய் வைக்கிறேனா என்று அடிக்கடி எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் அம்மா சொன்னது நிச்சயமாக நினைவிருக்கிறது: "என்னங்க இது, மாடு மாதிரி வந்து முட்டுறீங்க? ஒருதடவ கண் ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துருவோம்." அப்பாவும் மறுக்கவில்லை. திருவிழா போல நடக்கும் இந்தச் சுடும் போட்டி முடியட்டும், அதற்கடுத்த திங்கட்கிழமை போகலாம் என்று பேசி முடிவானது. பட்டறையில் விடுப்பும் சொல்லிவிட்டார்.

இடையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கவையையே எடுத்துவிட்டு, ஓர் இரும்புத் தகட்டில் பொடி ஓட்டை போட்டு, அதைத் துப்பாக்கியின் வெடிச் சுத்தியலுக்குப் பின்னால், கண்ணுக்கு வெகு அருகில், ஏற்றி இறக்கும் சின்ன ஏணியில் பொருத்தினார். பெரிய ஓட்டையாக ஒன்று, அதைவிடச் சிறியதாக ஒன்று, ஊசி நுழையும் அளவுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். ஊசி ஓட்டையின் வழியாகப் பார்த்தபோது, மூக்கும் தகரமும் தகரத்தைக் கட்டிய கயிறும்கூடத் தெளிவாகத் தெரிந்தனவாம். எனக்கும் காட்டினார். சுற்றிலும் இருட்டு, நடுவே காசளவு வெளிச்சம், அதற்குள் ஒரு வயல். "எம்மாடி, பதினெட்டு வயசு திரும்பின மாதிரி இருக்கு" என்று என் தலையைத் தடவினார்.

போட்டியன்று அவர் படுத்துக்கொண்டு சுட்டார். புகை எழுந்தது. எல்லோரும் மூச்சடக்கி நின்றோம். தூரத்திலிருந்து "டங்" என்றது தகரம். இரண்டாவதும் டங். மூன்றாவது குண்டுக்குத் தகரமே அறுந்து விழுந்தது. மாமா ஓடிப்போய் அப்பாவைத் தூக்கிக்கொண்டார்.

"தங்கச்சி, நாலு வயல் தாண்டித் தகரத்த அறுத்துப் போட்டவனயா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற? டாக்டருக்கு இவன் கண்ணாடி போட்டு விடுவான்!"

களமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தத் திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போனார். கோப்பை தட்டிவிடப்பட்டால், இனி அது கவனக்குறைவு மட்டும்தான்.

அடுத்த அறுவடைக்குப் பிறகு, பாலத்தடியில் பக்கவாட்டில் வந்த சைக்கிள் ஒன்று அவரை இடித்துத் தள்ளியது. நெற்றியில் தையல் போட்ட டாக்டர்தான் சந்தேகப்பட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வந்திருக்கிறது, நடுப்பார்வை கடைசியாகத்தான் போகும், போனது திரும்பாது என்றார்கள். கவை மங்கியது வேறு விஷயமாம். நாற்பது தாண்டிய எல்லோருக்கும் வருவது. அதை ஊசி ஓட்டை சரிசெய்துவிட்டது. மற்றதைச் சந்தேகிக்க யாருக்கும் ஒரு காரணமும் மிச்சம் இல்லாமல் போயிற்று. இதெல்லாம் தெரியவே இல்லையா என்று அங்கே கேட்டதற்கு, "நேரா பாக்குறது நல்லாத்தானே தெரிஞ்சுச்சு" என்றார் அப்பா. நான் பத்தாவது படிக்கும்போது அந்த நடுவும் போய்விட்டது.

அரசாங்கம் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்ன வருடம் மாமா அதைக் காவல் நிலையத்தில் கொடுத்தார், பிறகு துப்பாக்கி திரும்பி வரவில்லை. வயல்களின் மேல் இப்போது கிடங்குகள் நிற்கின்றன. மாமாவும் இல்லை. நாட்டில் சண்டை நடக்கும் இந்த நாள்களில், வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் மூச்சடக்கிக் காத்திருப்பதில்லை. சன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறோம். அப்பா சன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்வார்.

இந்த நோய் குடும்பத்தில் இறங்கும் என்று எங்கோ படித்ததிலிருந்து என் ஆறு வயது மகளை நான் நிம்மதியாக விட்டதில்லை. அவள் நேரே பார்க்கும்போது பக்கவாட்டில் விரலை ஆட்டுவேன். "அமே, மறுபடியும் விரலா?" என்று, அம்மாவைப் பர்மிய மொழியில் கூப்பிட்டு, மீதியைத் தமிழில் சலித்துக்கொள்வாள். பள்ளியில் ஒருமுறை தூணில் இடித்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அவளைப் பொறுமையாகப் பார்த்தார். "பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை, ஓடுகிற பிள்ளை இடிக்கத்தான் செய்யும்" என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டு, "நீங்கள் உங்கள் கண்ணை எப்போது சோதித்துப் பார்த்துக்கொண்டீர்கள்?" என்றார். நான் பார்த்துக்கொண்டதே இல்லை. எனக்கு நன்றாகத் தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா சொன்னதும் அதுதான் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

இருட்டறையில் ஒரு கண்ணை மூடிக் கட்டி, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகவாயை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். மேலே மின்னியது, அழுத்தினேன். இடப்பக்கம், மறுபடியும் மேலே, கீழே. பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. வெளிச்சம் வரவில்லையா, வந்தும் எனக்குத் தெரியவில்லையா என்று யாரையும் கேட்க முடியாது. பேசக்கூடாது, கண்ணை நகர்த்தக்கூடாது. கதவுக்கு வெளியே என் மகள் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன்.