இரண்டு புள்ளிக்குப் பின்னால் இருந்தவை

இரண்டு புள்ளிகள். வரியின் தொடக்கத்தில் அவற்றை வைத்துவிட்டால், பின்னால் எழுதுகிற எதுவும் அச்சில் வராது. கோப்பைத் திறந்து பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். எங்கள் மென்பொருளின் கையேட்டை எழுதிவந்த பழைய வடிவத்தில் அப்படியொரு வசதி இருந்தது. அலுவலகத்தில் அதைப் பயன்படுத்தியவர் ஒரே ஒருவர்தான். அவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டோம், அவரைவிட மூத்தவரான மேலாளர் உட்பட.

ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் அலுவலகம். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் கண்டெய்னர் யார்டுகளுக்காக, எந்தப் பெட்டி எப்போது உள்ளே வந்தது, எந்த வரிசையில் கிடக்கிறது, எப்போது வெளியே போனது என்று பதிகிற மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். யார்டு கேட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் சிக்கல் என்றால் ஃபோன் அடிப்பார்கள். அதை எடுப்பது அக்காவின் வேலை. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். "இன்னா நைனா, ஸ்கிரீன்ல இன்னா காட்டுது, அத மொதல்ல சொல்லு" என்று அவர் ஆரம்பித்ததுமே எதிர்முனையில் கத்திக்கொண்டிருப்பவர் பாதி அடங்கிவிடுவார். ஃபோனை வைத்த கையோடு கையேட்டைத் திறந்து எழுதுவார். எல்லோரும் படிக்க வேண்டியதை ஆங்கிலத்தில். மற்றதை இரண்டு புள்ளிக்குப் பின்னால், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில்.

மறைத்து எழுதுவதற்குக் காரணம் இருந்தது. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு யார்டில் மழை பெய்தால் எடைமேடை தப்பாகக் காட்டும் என்று ஒருமுறை வெளிப்படையாகவே எழுதிவிட்டார். கையேடு யார்டுகளுக்கும் போகிறதல்லவா, அந்த முதலாளி நேரில் வந்து மேசையைத் தட்டிச் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு யார்டின் கோணலும் புள்ளிக்குப் பின்னால் போனது. எந்த கேட்டில் எந்தப் பொத்தானை மாற்றி அழுத்துவார்கள், எங்கே கேமரா எதைப் படிக்காது, யாரிடம் இரண்டு முறை கேட்க வேண்டும். பதினொரு வருடம் அப்படிச் சேர்ந்தது.

கையேட்டைப் புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்று மேலாளர் முடிவெடுத்தார். எழுதுவது சுலபம், தேடினால் உடனே கிடைக்கும், கைபேசியிலும் நன்றாகத் தெரியும் என்றார். எல்லாம் உண்மைதான், அதில் எனக்கு இன்றும் சண்டை இல்லை. வேலை என்னிடம் வந்தது, நானும் குதித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். மாற்றித் தருகிற நிரல் ஒன்று இணையத்தில் கிடைத்தது. சாப்பிடப் போகும்முன் ஓடவிட்டேன், கை கழுவிவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. அப்புறம் பழையதையும் புதியதையும் அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் வைத்து மூன்று நாள் ஒப்பிட்டேன். ஒரு கமாகூட விடுபடவில்லை. என் ஒழுங்கை நானே மெச்சிக்கொண்டேன். அச்சில் வராத ஒன்றை அச்செடுத்துச் சரிபார்த்த அறிவாளி நான்.

அக்கா கேட்கவும் கேட்டார். டீ டம்ளரோடு என் பின்னால் வந்து நின்று, "புள்ளி வெச்சு எழுதிகீறேன் பாரு, அதெல்லாம் வந்துச்சாப்பா?" என்றார். நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "எல்லாம் வந்துடுச்சுக்கா" என்றேன். அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. பொய் சொல்லக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும்.

அதே வாரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "இனிமே யார்டுக்காரங்களே தேடிப் பாத்துக்கலாம் இல்ல? கையேட்டுல எல்லாம் இருக்குல்ல?" என்றார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். தெரியும். ஃபோனுக்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு என்று அவர் ஒரு மாதமாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "எல்லாம் இருக்கு சார்" என்றேன். ரெண்டு இருந்தால் குழப்பம், பழசை அழித்துவிடு என்றார். அழித்தேன். அந்த மாதக் கடைசியில் அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். கேக் வெட்டினோம், அதை வாங்கிவந்ததும் நான்தான். யார்டுகள் அடிக்கும் அந்த ஃபோனை அவர் முந்தானையால் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மணலி புதுநகர்ப் பக்கத்து யார்டில், அக்காவிடம் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த கேட் ஆள் வேலையை விட்டுப் போனார். புதிதாக வந்தவர் கையேட்டைப் படித்து, அதில் இருந்தபடியே செய்தார். கேட் பூட்டிக்கொண்டது. காலை பதினொரு மணிக்குள் ட்ரெய்லர்கள் சாலை வரைக்கும் நின்றன. நான் கையேட்டில் தேடினேன். எங்கள் புதிய தேடல் மிக வேகமாக, ஒன்றும் இல்லை என்று காட்டியது. இரண்டு புள்ளிக்குப் பின்னால் இருந்த ஒரு வரியையும் அந்த நிரல் கொண்டுவரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தை விட்டு அக்காவுக்கு அடித்தேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் இருந்தார். பின்னால் யாரோ சேலைக்குப் பேரம் பேசுவது கேட்டது.

"எத்தினி வண்டி நிக்குது?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது.

"முப்பதுக்கு மேலக்கா."

"டிரைவருங்கோ வெயில்ல காயுவாங்களே. கேளு. அந்த யார்டுல வளைக்க எடம் கெடையாது, வண்டி ரிவர்ஸ்லதான் உள்ள பூரும். ஒரே வண்டில ரெண்டு பொட்டி இருந்துச்சுன்னா, கேமரா பின்னாடி கீற பொட்டி நம்பரத்தான் மொதல்ல படிக்கும். நம்ம புக்குல முன்னாடி பொட்டி நம்பர மொதல்ல போடச் சொல்லிகீது. ரெண்டும் ஒத்துப்போவலன்னா கேட்டு பூட்டிக்கும். அத கேன்சல் பண்ணிட்டு, மாத்தி போடச் சொல்லு. தொறந்துக்கும்."

திறந்துகொண்டது. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"இத எழுதி வெச்சிருந்தேனே நைனா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "வந்துடுச்சுன்னு சொன்னியே." பின்னால் சேலைக்குப் பேரம் பேசிய குரல் அவரைக் கூப்பிட்டது. "சரி வுடு. இனிமேட்டு எனக்கு அடிக்காத. இங்க நின்னுகினே பாக்குற வேல. ஃபோன் எடுத்தா ஓனரு கத்துவான்."

அவர் சொன்னதை அப்போதே கையேட்டில் எழுதினேன், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. யார்டுக்காரர் வந்து கத்தினால் கத்தட்டும் என்று இருந்தது. புதிய வடிவத்தில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதியவர் பெயரை நிரப்பினால்தான் சேமிக்க முடியும். அக்காவின் பெயரைத் தட்டினேன். இங்கே வேலை செய்கிறவர்களின் பட்டியலில் இப்படி ஒருவர் இல்லை என்றது. இரண்டாவது முறையும் தட்டினேன், அதையே சொன்னது. ஃபோன் மறுபடி அடித்தது, அடுத்த யார்டு. என் பெயரைப் போட்டுச் சேமித்தேன். அந்தப் பக்கம் நன்றாக எழுதப்பட்டிருப்பதாக மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.