ரோட்டைத் தாண்டி நின்று பார்த்தவர்

சங்கரன்கோவிலில் நான் வேலை பார்க்கும் டிவி கடைக்கு அவர் ஒருமுறைதான் வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு, சட்டைப்பையில் பென்டிரைவ். அதில் அவருடைய பழைய கல்யாண வீடியோ இருந்தது. அது தெளிவாக ஓடும் டிவியைத்தான் வாங்குவாராம்.

கடையிலேயே பெரிய டிவியில் போட்டேன். மணப்பெண்ணின் முகம் மழையில் நனைந்த போஸ்டர் போலத் தெரிந்தது. அவர் துண்டால் திரையைத் துடைத்தார். அடுத்த டிவியில் போட்டேன், அதையும் துடைத்தார்.

"தூசி இல்ல அண்ணாச்சி. பழைய வீடியோவுல படத்துக்கான பிக்சல் புள்ளி கம்மி. பெரிய திரையை நிரப்ப அதை இழுத்து விடுது, அதான் மங்கலா இருக்கு. சின்ன டிவின்னா உறுத்தாது."

"வீட்டுல அவ பெரிய டிவிதான் கேட்டிருக்கா வே."

சொல்லிக்கொண்டே, திரையைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். கடைவாசலைத் தாண்டினார், ரோட்டையும் தாண்டினார். எதிரே பரோட்டாக் கடை வாசலில் நின்று கத்தினார்:

"இங்கன வந்து பாரும் வே! அவ முகம் எம்புட்டுத் தெளிவா இருக்கு!"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். டவுன் பஸ் குறுக்கே போனபோது மட்டும் மறைந்தது.

சந்தோஷமாகப் பெரிய டிவியையே வாங்கிப் போனார். வீட்டுக்குள் அவருக்கு அந்தக் கல்யாணம் எப்படித் தெரிகிறதோ, எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரர்களுக்கு நிச்சயம் தெளிவாகத் தெரியும்.