காந்திமதியின் ரெண்டு சுவர்

டெல்லியில் தமிழர்கள் குடியிருக்கிற மதராசி கேம்ப்பில் காந்திமதியிடம் போய் இந்தியில் 'இரண்டு' என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள். வாயைத் திறக்க மாட்டாள். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, "போதுமா?" என்று தமிழில் கேட்பாள். காய்கறிக்காரன், பஸ் கண்டக்டர், அவள் வேலை செய்கிற ஜங்புரா வீட்டம்மா, எல்லாருக்கும் விரல்தான். அந்த விரலுக்கு ஒரு கதை இருக்கிறது.

காந்திமதி விழுப்புரம் பக்கத்துக்காரி. கல்யாணமாகி டெல்லிக்கு ரயிலேறி வந்தபோது அவளுக்குத் தெரிந்த இந்தி 'நஹி' ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். அப்புறம் நாலு வீட்டில் பாத்திரம், துணி, கூட்டித் துடைப்பது. ஆள் ஒல்லி, வாய் மட்டும் கனம். ஒரு வேலையில் கைவைத்துவிட்டால் அது முடிகிறவரை யார் சொன்னாலும் காதில் ஏறாது.

ஒருநாள் ஜங்புரா வீட்டில் ஸ்டவ் புகைந்து சமையலறைச் சுவரெல்லாம் கரி. வீட்டம்மா பதறிப்போய் ஈரத்துணியால் துடைக்க, கரி இழுபட்டுச் சுவர் இன்னும் அசிங்கமாயிற்று. காந்திமதி அப்போது சப்பாத்திக்குப் பிசைந்துகொண்டிருந்தாள். மாவுக்கையோடு சுவரைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட இடம் வெளுத்து, கரி மாவில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சும்மா விடுவாளா? மாவைக் கெட்டியாகப் பிசையணும், கொஞ்சம் உப்பு போடணும், தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்கணும், தண்ணீர் கிட்டேயே வரக்கூடாது என்று நாலே நாளில் முறை கண்டுபிடித்துவிட்டாள். அதிலிருந்து அக்கம்பக்கத்தில் எந்த அடுப்பு புகைந்தாலும் காந்திமதிக்குத்தான் ஆள் வரும்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஜனவரி மாதம். லஜ்பத் நகர் பின்பக்கம் திருமூலர் வித்யாலயம் என்று ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம். லீவில் மீட்டர் பெட்டி தீப்பிடித்து, கீழே அடுக்கியிருந்த பழைய பெஞ்சுகள் எரிந்து, மாடியில் இருந்த பத்தாம் வகுப்பு அறைக்குள் அத்தனை புகையும் புகுந்துவிட்டது. கட்டடத்துக்குச் சேதமில்லை. ஆனால் அறையில் நாலு சுவரும் கன்னங்கரேல். உள்ளே ஒரு நிமிஷம் நின்றால் இருமல் பிடுங்கும். பார்க்க வந்த கான்ட்ராக்டர், பூச்சு முழுவதையும் கொத்திப் போட்டுப் புதுசாகப் பூச இரண்டு மாசம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார். கல்வித்துறை அதிகாரியோ பன்னிரண்டு நாள்தான் கெடு கொடுத்தார். அதற்குள் அறை சரியாகவில்லையென்றால் பத்தாம் வகுப்பு முழுவதும் ஊரின் மறுகோடியில் இருக்கிற ரோகிணிக்குப் போய்ப் படிக்க வேண்டும்.

காந்திமதியின் மகள் வள்ளி அந்த வகுப்பில்தான் இருந்தாள். ரோகிணி என்றால் இரண்டு பஸ் மாறணும், விடியுமுன் கிளம்பணும். காந்திமதியின் புருஷன் யோசிக்கவே இல்லை. "அவ்ளோ தூரம் பொட்டப்புள்ளைய அனுப்ப முடியாது. படிச்சவரைக்கும் போதும்" என்று முடித்துவிட்டான். பரீட்சைக்கு இரண்டே மாசம்!  சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை என்று காந்திமதி நேரே பிரின்சிபால் கோபாலனிடம் போய் நின்றாள்.

"சார், செவுத்தைக் கொத்தாதீங்க. நான் எடுத்துக் காட்டறேன்."

"எதைக்கொண்டும்மா எடுப்பே?"

"சப்பாத்தி மாவு சார்."

கோபாலன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "சாப்பிடுற மாவா?"

"ஆமா சார். வெளுக்கலைன்னா என் பேரை மாத்தி வெச்சுக் கூப்பிடுங்க."

கேம்ப்பிலிருந்து ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். மூன்று நாளில் கூரையும் இரண்டு சுவரும் பளிச்சென்று ஆகிவிட்டன. கோபாலன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அச்சா, அச்சா" என்று தலையை ஆட்டிக்கொண்டே போனார். காந்திமதிக்குத் தரையில் கால் பாவவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் மாவு தீர்ந்துபோனது. எல்லாருமாகக் கேம்ப்புக்குப் போய்ப் பிசைந்து எடுத்துவரலாம் என்று கிளம்பினார்கள். கீழே எரிந்த சாமான்களை அள்ளிக்கொண்டிருந்த பீகார் ஆட்கள் இரண்டு பேர் வாளியோடு மாடிக்கு வந்தார்கள். மீதிச் சுவர்களை அவர்கள் தொட்டுவிடப் போகிறார்களே என்று காந்திமதி கையை நீட்டி எச்சரித்தாள். "பையா, யே தோ தீவார், ஹம் ஆயேகா!" அண்ணா, இந்த இரண்டு சுவருக்கும் நாங்களே வருவோம் என்று அவளுக்கு அர்த்தம்.

ஆனால் பாருங்கள், இந்தியில் 'இரண்டு' என்பதற்கும் 'கழுவு' என்பதற்கும் நடுவே ஒரு மூச்சுதான் வித்தியாசம். நம்மவர் வாயில் இரண்டும் ஒரே 'தோ'. அவளோ பத்துப் பதினைந்து வருஷமாகப் பாத்திரம் தோ, துணி தோ என்று கேட்டுக் கேட்டுப் பழகினவள். அவர்கள் காதில், 'இந்தச் சுவரைக் கழுவு, நான் வருகிறேன்' என்று விழுந்தது. நல்ல மனுஷர்கள். வஞ்சனையில்லாமல் ட்யூப் போட்டுத் தண்ணீர் அடித்து, துடைப்பத்தால் தேய்த்தும் வைத்திருந்தார்கள்.

மாவுத் தூக்கோடு திரும்பிவந்த காந்திமதி, "அடப் பாவிங்களா!" என்று போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. கரி அத்தனையும் சுவருக்குள் இறங்கிவிட்டது. மாவை ஒற்றினால் மாவுதான் நனைந்தது. 'இந்த அக்காதானே சொன்னார்கள்' என்று அந்த ஆட்கள் திருதிருவென்று விழிக்க, கூட வந்திருந்த வள்ளிதான் விசாரித்து விஷயத்தைப் பிட்டுவைத்தாள். "அம்மா, நீயேதான் கழுவச் சொல்லியிருக்கே!"

காந்திமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மூச்சு சரியாக விடத் தெரியாமல் மகள் படிப்பை நானே கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து கோபாலனிடம் போனாள். "தப்பு என்னுது சார். அவங்களைத் திட்டாதீங்க. செவுத்தை நானே பார்த்துக்கறேன்."

இரண்டு நாள் ஃபேன் வைத்துச் சுவரைக் காயவிட்டாள். சுண்ணாம்பு அடித்துப் பார்த்தாள். மறுநாளே மஞ்சள் மஞ்சளாகக் கறை மேலே வந்தது, புகை நாற்றமும் கூடவே வந்தது. வெறுத்துப்போய் அறைக்கதவில் சாய்ந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். இந்தக் கதவும்தானே அதே புகையில் நின்றது? முதல் நாள் ஒரே துடைப்பில் சுத்தமாகிவிட்டதே! மோந்து பார்த்தாள். நாற்றமே இல்லை. கீழே பெஞ்சுகளுக்குப் பாலிஷ் போட வந்திருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டால், கதவில் இருப்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் என்றார். "அதுக்கு மேலே எதுவும் உள்ளே போகாது, உள்ளேயிருந்து வெளியேயும் வராது."

"அப்ப அதைச் செவுத்துல பூசுங்க."

சுவருக்கு யாராவது பாலிஷ் போடுவார்களா என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். காந்திமதி சிரிக்கவில்லை. முதலில் ஒரு முழம் இடத்தில் பூசச் சொல்லி, காய்ந்ததும் மேலே வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொன்னாள். மறுநாள் காலை பல்கூட விளக்காமல் ஓடிவந்து பார்த்தாள். கறை வரவில்லை. மூக்கை ஒட்டவைத்து மோந்தாள். வாசனையும் இல்லை. "நடத்துங்க பையா, ஜல்தி!"

பன்னிரண்டாம் நாள் அதிகாரி வந்தார். வெள்ளைக் கைக்குட்டையால் நாலு சுவரையும் துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பெயின்ட் அடித்த பக்கம் மட்டும் மினுமினுவென்று இருக்கவே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கோபாலன் விவரம் சொல்லி, செய்தவளைக் காட்டினார். அதிகாரி அவளிடமே திரும்பி, எத்தனை சுவருக்கு இப்படி என்று இந்தியில் கேட்டார்.

காந்திமதி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். பத்தாம் வகுப்பு அங்கேயே நடந்தது.

மே மாதக் கடைசியில் ரிசல்ட். காந்திமதி காலையிலிருந்து சோறு இறங்காமல் கேம்ப்பை ஒட்டி ஓடுகிற பாராபுல்லா கால்வாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தாள். எதிர்க்கரையில் வள்ளி ஓடிவந்தாள். என்னவோ கத்தினாள். பார்த்து அந்த நேரத்தில்தானா ஒரு ரயில் வந்து தொலையணும், ஒன்றும் கேட்கவில்லை. வள்ளி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

காந்திமதிக்கு உயிரே போய்விட்டது. இரண்டு பாடம் போச்சு! அத்தனை பாடும் பட்டு இரண்டு பாடம்!

"எந்த ரெண்டுடி?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "எந்த ரெண்டு போச்சு?"

ரயில் கடந்தது. எதிர்க்கரையில் வள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணும் போகலைம்மா! ஸ்கூல்லயே நான் ரெண்டாவது!"

 காந்திமதிக்குக் கண்ணில் கொட்டுகிறதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கையைத் தூக்கி, கேம்ப்புக்கே தெரிகிற மாதிரி, இரண்டு விரலைக் காட்டினாள்.