எட்டுப் பாயிண்ட் தாய்மாமன்

எங்கள் அச்சுக்கடைக்கு விசேஷப் பத்திரிகை அடிக்க வருபவர்கள் பெயர்ப் பட்டியலோடு வீட்டுச் சண்டையையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். "அவுக பேரு இருக்கணும், ஆனா கண்ணுல படக்கூடாது" என்பார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரரையும் பத்திரிகையில் விட்டுவிட முடியாது. விட்டால் ஊர் கேட்கும். ஒவ்வொரு பெயராக அளவு மாற்றி எனக்குக் கண் பூத்துவிடும்.

அதனால் பெயர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு டேட்டாபேஸில் ஏற்றினேன். பெயர், உறவு, ஊர் என்று கட்டங்கள். கடைசியில் 'பேச்சு' என்று ஒரு கட்டம். அதில் 'உண்டு' என்று போட்டால் பெயர் இருபது பாயிண்டில் தடித்துச் சிவப்பாக வரும். 'இல்லை' என்றால் எட்டுப் பாயிண்ட், சாம்பல் நிறம். அந்த ஃபார்முலாவை எழுதி முடித்த அன்று எனக்கு நானே டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

போன வருடம் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், என் மனைவியின் ஒரே அண்ணன், நரிக்குடிக்காரர். அவரோடு நான் பேசி நாலு வருடமாகியிருந்தது. மாப்பிள்ளை நான் அச்சுக்கடை வைத்திருக்க, தன் மகள் கல்யாணப் பத்திரிகையை மதுரையில் போய் அடித்த மனிதர்!

"அண்ணனுக்கு 'உண்டு'ன்னு போடுங்க. அவுக வரலைன்னா பிள்ளைய யாரு மடியில வைக்கிறது?" என்றாள் மனைவி.

"பேச்சு இல்லைன்னா இல்லைதான். ஃபார்முலா பொய் சொல்லாது" என்றேன். வெறும் வீம்பு. அவள் முகம் வாடியதைப் பார்த்தும் மாற்றவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மாதிரி அட்டையை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் மச்சான் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்து நின்றார். தங்கை அனுப்பிய அட்டையின் படத்தைப் போனில் காட்டினார்.

"என்ன மாப்ள, எம்புட்டு இழுத்துப் பாத்தும் எம் பேரு தெரியல. அடியில போட்ட உங்க கடை பேருகூட என்னையவிடப் பெருசா இருக்கு!"

"மதுரைக்குப் போறப்ப என் கடை உங்க கண்ணுக்குத் தெரியலையே!"

"அது சம்பந்தகாரவுக கடை. அவுக பிடிவாதமா நின்னாக, நான் என்ன செய்ய? அதச் சொல்ல வந்தா நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீக!"

வாய்ச்சண்டை முற்றியது. நடுவில் இரண்டு முறை டீ வந்தது, இரண்டு முறையும் குடித்தோம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் பக்கம் திரையைத் திருப்பி, 'இல்லை'யை அழித்து 'உண்டு' என்று அடித்தேன். பெயர் சிவப்பாக உப்பி எழுந்தது.

மச்சான் கூர்ந்து பார்த்தார். "இன்னுங் கொஞ்சம்" என்றார்.

சாயங்காலம் புது அட்டையை மனைவியிடம் கொடுத்தேன். அண்ணன் பெயரை விரலால் தடவிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பழைய அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்தாள்.

"அது எதுக்கு இனிமே?" என்றேன்.

"இன்னும் நாலு பேருக்கு 'இல்லை'ன்னு போட்டிருக்கீகள்ல? அவுகளுக்கும் படம் அனுப்பணும்."