வசந்தி கேட்ட சைபர்பங்க்

போன சனிக்கிழமை மட்டக்களப்பில் ஒரு வாசகர் வட்டத்தில் பேசப் போயிருந்தேன். தலைப்பு – சைபர்பங்க் என்றால் என்ன? விஞ்ஞானப் புனைகதையில் அது ஒரு வகை. தமிழில் அதற்கு ஒழுங்கான வரைவிலக்கணம் இல்லை. நானே ஒன்றைச் செய்துவிடலாம் என்று நப்பாசை.

இருபது பேர் வந்திருந்தார்கள். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கொம்பியூட்டர்கள் எங்கேயோ முன்னேறிப் போயிருக்கும், மனிதன் மட்டும் சாக்கடை ஓரத்தில் கிடப்பான்... உடம்பில் பாதி இயந்திரம்... அவன் யார் என்பதைக்கூட கொம்பியூட்டர்தான் சொல்லும். “பயப்பட வேண்டாம், அது வாவியைக் கடந்து இங்கே வர இன்னும் ஐம்பது வருஷம் ஆகும்” என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

“சேர், அப்ப நானும் அந்தக் கதையில வாற ஆளா?”

பெயர் வசந்தி. காத்தான்குடியில் ஒரு கடையில் போன் திருத்துகிறாராம். சுனாமியில் கணவரும் போனார், இவருடைய அடையாள அட்டையும் போனது. முகாமில் பட்டியல் அடித்த யாரோ, இறந்தவர்களோடு இவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். பிறகு உன்னிச்சையில் அண்ணன் வீட்டில் இருந்தபோது வயலுக்குள் மிதிவெடி. இடது முழங்காலுக்குக் கீழே இப்போது பொய்க்கால். சண்டை முடிந்தும் ஒரு வருஷமாகிறது. உதவி கேட்டு எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் ஒரே பதில்தான்.

“கொம்பியூட்டர்ல நான் செத்துப்போன ஆளாம், சேர்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அது வேறு, இது வேறு என்றேன். சைபர்பங்க் கற்பனை இலக்கியம், கதை பெருநகரத்தில் நடக்க வேண்டும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவர் “சரி சேர்” என்று உட்கார்ந்துவிட்டார். நான் அடுத்த கேள்விக்குப் போனேன். கடைசியில் கைதட்டினார்கள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவர் கேட்டது இலக்கியச் சந்தேகமா? கந்தோர்களில் யாரும் காது கொடுக்காததை, கேட்க ஆள் இருக்கும் ஓர் இடத்தில் எழுந்து நின்று சொன்னார். நானோ என் வரைவிலக்கணத்தைக் காப்பாற்றினேன். முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

திங்கட்கிழமை அந்தக் கடையைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு போனின் பின்மூடியைப் பூட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

“மன்னிப்பு எனக்கு என்னத்துக்கு, சேர்? நான் உசிரோட இரிக்கன் எண்டு கையெழுத்து வைக்க ஒரு ஆள் வேணும். வருவீங்களா?”

இருவரும் கந்தோருக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் திரையைப் பார்த்தார், வசந்தியைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தைத் தந்தார். நிரப்பிக் கொடுத்தால், விசாரித்துப் பெயரைத் திருத்த ஒரு மாதமாகுமாம். வசந்திக்கு அதுவே பெரிய விஷயம். இவ்வளவு நாளும் படிவம்கூடக் கிடைத்ததில்லை.

படிவத்தின் அடியில் சாட்சியின் தொழில் என்று ஒரு கோடு இருந்தது – அதில் ‘எழுத்தாளர்’ என்று எழுத எனக்குக் கை கூசியது.