நத்தை நெஞ்சில் போன காற்று

தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அந்த மனிதருக்கு நத்தை என்று பெயர் வைத்தது, குடத்தோடு காத்துக் கிடந்த பெண்கள்தான். வைத்ததில் தப்பே இல்லை. உடைந்த குழாயைச் சரிசெய்து மறுபடி தண்ணீர் விடும்போது, வால்வைக் கொஞ்சம் திறப்பார், மூடுவார், குழாயில் காதை வைத்துக் கேட்பார். பிறகு இன்னும் கொஞ்சம்.

"யோவ் நத்தை, நீ தொறக்கிறதுக்குள்ள என் பேத்திக்கே கல்யாணம் ஆயிடும்!"

"காஞ்ச குழாய்ல காத்து அடைச்சிருக்கும்மா. சடார்னு விட்டா வெடிச்சிடும். அப்புறம் பேத்தி குளிக்காமத்தான் மணவறைல உக்காரணும்."

அப்படிப்பட்டவருக்கு நெஞ்சுக்குள்ளேயே குழாய் அடைத்துக்கொண்டது. வால்வைத் தொட்டாலே மூச்சு வாங்கியது. இதயத்தை நிறுத்திவைத்து, காலிலிருந்து எடுத்த ரத்தக் குழாயைத் தைத்து, மறுபடி ரத்தம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தாங்காது என்றார்கள் ஆஸ்பத்திரியில். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "தூங்க வைக்க காத்து மாதிரி ஒரு மருந்து குடுப்போம்" என்று நர்ஸ் சொன்னதும் கட்டிலைவிட்டு இறங்கிச் செருப்பைத் தேடினார்.

"ரத்தக் குழாய்ல காத்தா? வெடிக்க வைக்கவா என்னைக் கூட்டிட்டு வந்த, அக்கா?"

கூட இருந்த அக்காளுக்குப் பொறுக்கவில்லை. "வெடிச்சா என்னடா கொட்டிடப் போகுது, தங்கமா? பேசாம உக்காரு." வாய்தான் அதட்டியது. கை செருப்பை எடுத்துப் புடவைக்கடியில் ஒளித்தது. தம்பியை விட்டால் அவளுக்கும் நாதியில்லை.

மயக்கம் கொடுக்கும் டாக்டரம்மா வந்து விஷயத்தைக் கேட்டார், ஆனால் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்ற காத்து குமிழி குமிழியா போறது. அது ஆபத்துதான், அதை விடமாட்டோம். இது மூச்சோட உள்ள போயி, தண்ணில சக்கரை மாதிரி ரத்தத்துல கரைஞ்சிடும்."

"சரி, ரத்தத்தை மறுபடி தொறப்பீங்களே, அப்ப?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அங்கதான் விஷயமே. ரத்தமில்லாம கெடந்த இதயத்துக்கு, ரத்தம் திரும்பி வர்றதே ஒரு அடி. பட்டினி கெடந்த வயித்துல விருந்தைக் கொட்டுன மாதிரி. அந்த அடியைத் தாங்க இந்த மருந்து இதயத்தை முன்கூட்டியே பழக்குதுன்னு தெரியுது. நீங்க கொஞ்சம் விட்டு மூடிப் பாப்பீங்களாமே, அக்கா சொன்னாங்க. கிட்டத்தட்ட அப்படித்தான்."

"கண்டிப்பா காப்பாத்துமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். சில ஆராய்ச்சில நல்லா உதவியிருக்கு, சிலதுல பெருசா வித்தியாசம் தெரியல. தூங்க எப்படியும் ஒரு மருந்து வேணும். அது இதுவா இருந்தா நல்லதுன்னு நெனைக்கிறேன்."

நத்தை டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தார். இந்த மணிக்குத் தண்ணீர் வந்தே தீரும் என்று அடித்துச் சொன்ன எந்த மேஸ்திரியையும் அவர் நம்பியதில்லை.

"அக்கா, செருப்பை நீயே வெச்சுக்க" என்று கட்டிலில் ஏறிப் படுத்தார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்து, பேச்சு வந்ததும் அக்காளைத்தான் தேடினார்.

"ரத்தத்தை மெதுவா தொறந்தாங்களா?"

"நான் என்ன உள்ள போயா எட்டிப் பாத்தேன்? தொறந்ததும் இதயம் தானாவே துடிச்சிச்சாம். டாக்டரம்மாவே வந்து சொன்னாங்க. உன்னைவிட அதுக்குச் சுறுசுறுப்பு ஜாஸ்தி."

அவர் சிரிக்கப் பார்த்தார், தையல் இழுத்தது. "செருப்பைக் குடு."

"எதுக்கு? மறுபடி ஓடவா?"

"நாளைக்கு நடக்கணும்னு சொல்லியிருக்காங்க."

அக்காள் மூக்கைச் சிந்திவிட்டு, செருப்பை எடுத்துக் கட்டிலடியில் ஜோடியாக வைத்தாள். "நடடா. மெதுவா நட. அதுலதான் நீ பெரிய ஆளாச்சே."